முக்காலே மூவீசம்: அடிக்கோல் சொல்லும் தமிழும் நாம் சொல்லித் தரும் தமிழும்



'முக்காலே மூணு வீசம் பேரு வந்துட்டாங்க' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பொருள் என்ன என்று கேட்டால் 'கிட்டத்தட்ட எல்லாரும்' என்று மாணவர்கள் சொல்லிவிடுவார்கள். சரிதான். ஆனால் எவ்வளவு? முக்கால் என்பது 12/16. வீசம் என்பது 1/16, மூன்று வீசம் 3/16. கூட்டினால் 15/16. முழுமைக்கு ஒரே ஒரு வீசம் குறைவு. 'கிட்டத்தட்ட' என்று நாம் மழுப்பிப் பொருள் சொல்லும் சொல், உண்மையில் ஒரு துல்லியமான அளவு.

அந்த அளவை இன்றும் கண்ணால் பார்க்கலாம். பழைய அடிக்கோலையோ தையற்கடை நாடாவையோ எடுத்து இஞ்ச் பக்கத்தைப் பாருங்கள். ஓர் இஞ்சைப் பதினாறாகப் பிரித்திருந்தால், அடுத்த முழு எண்ணுக்கு முந்திய கடைசிச் சின்னக் கோடுதான் முக்காலே மூவீசம்.

தமிழ்ப் பின்னப் பெயர்களை இன்று நாம் மூன்று விதமாகக் கற்பிக்கிறோம்: இலக்கிய வகுப்பில் பாடலாக, மேடையில் பெருமையாக, கணித வகுப்பில் கற்பிக்காமலேயே. மூன்றிலும் ஏதோ ஒன்று விடுபடுகிறது. அதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் வேலை.

ஆறு சொல்லில் ஓர் இஞ்ச்

முதலில் கோட்டை வாசிப்போம். இஞ்சின் நடுவில் நிற்கும் நீளமான கோடு அரை. அதைவிடக் குட்டையான இரண்டு கோடுகள் காலும் முக்காலும். அதற்கும் குட்டையானவை எட்டில் ஒரு பங்கைக் காட்டும் நான்கு. மிகச் சிறியவை பதினாறில் ஒரு பங்கைக் காட்டும் எட்டு. கோட்டின் உயரமே அதன் தரத்தைச் சொல்லிவிடும். இவற்றைத் தமிழில் வரிசையாகச் சொன்னால்:

1/16 வீசம் (மாகாணி)
1/8 அரைக்கால்
3/16 மூவீசம்
1/4 கால்
5/16 காலே வீசம்
3/8 காலே அரைக்கால்
7/16 காலே மூவீசம்
1/2 அரை
9/16 அரையே வீசம்
5/8 அரையே அரைக்கால்
11/16 அரையே மூவீசம்
3/4 முக்கால்
13/16 முக்காலே வீசம்
7/8 முக்காலே அரைக்கால்
15/16 முக்காலே மூவீசம்

பதினைந்து கோடு, ஆனால் சொல் ஆறுதான்: கால், அரை, முக்கால் என்ற மூன்று பெரிய நிறுத்தங்கள், வீசம், அரைக்கால், மூவீசம் என்ற மூன்று சின்ன அடிகள். ஒவ்வொரு பெரிய நிறுத்தத்துக்குப் பிறகும் அதே மூன்று அடிகள் திரும்ப வருகின்றன.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். 5/8 பெரியதா, 9/16 பெரியதா என்று நான்காம் ஆண்டு மாணவனிடம் கேட்டுப் பாருங்கள். பகுதியைச் சமமாக்கி, தொகுதியைப் பெருக்கி, 10/16 என்று கொண்டு வந்து பிறகுதான் சொல்ல வேண்டும். சிலர் 9 பெரிய எண் என்பதால் 9/16 என்று சொல்லிவிடுவார்கள். தமிழில் சொல்லிப் பாருங்க: அரையே அரைக்கால், அரையே வீசம். இரண்டிலும் அரை இருக்கிறது, மிச்சத்தை மட்டும் பார்த்தால் போதும். அரைக்கால் வீசத்தைவிடப் பெரியது. வேலை முடிந்தது.

'எட்டில் ஐந்து' என்பது எண்ணிக்கை: எட்டுத் துண்டு போட்டு ஐந்தை எடு. 'அரையே அரைக்கால்' என்பது வழி: அரைக்குப் போ, அங்கிருந்து அரைக்கால் நட. இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன. கண் அடிக்கோலை வாசிப்பது இரண்டாவது முறையில். ஒன்று, இரண்டு என்று பத்துக் கோடுகளை எண்ணிக்கொண்டு வந்தால் வழியில் ஒன்று தவறிவிடும்; சுழியத்தில் நிற்கும் கோட்டையும் ஒன்று என்று எண்ணிவிடுகிற தவறும் வரும். நீளக் கோட்டில் நின்று அங்கிருந்து தொடர்ந்தால் இரண்டு தவறுக்கும் இடமில்லை.

இலக்கணம் இங்கே வேலை செய்கிறது

தேர்வு மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 'அரைக்கால்' என்றால் காலில் அரை, 1/2 × 1/4 = 1/8. 'முக்கால்' என்றால் மூன்று கால், 3 × 1/4. இவை சொல்லும் சொல்லும் ஒட்டி நின்று பெருக்கலைக் காட்டுகின்றன. 'காலே அரைக்கால்' என்பதிலோ நடுவில் ஓர் ஏகாரம். அது கூட்டலைக் காட்டுகிறது. நன்னூல் ஏகாரத்துக்குச் சொல்லும் பொருள்களில் 'எண்' என்பதும் ஒன்று. 'உளியே வாளியே மங்கே' என்று பொருள்களை அடுக்கும்போது வரும் அதே எண்ணேகாரம்தான் காலையும் அரைக்காலையும் அடுக்குகிறது.

ஆக ஒரு 'க்' விட்டுப்போனாலும் கணக்கு மாறும். 'அரைக்கால் இஞ்ச்' 1/8. 'அரையே கால் இஞ்ச்' 3/4. வலி மிகுதலுக்கு எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியர்கள் இதைவிடக் கண்ணுக்குத் தெரியும் ஒன்றைத் தேட வேண்டியதில்லை. அடிக்கோலில் இரண்டுக்கும் இடையே பத்து வீசம் இடைவெளி இருக்கிறது.

காளமேகத்தை நாம் வாசிக்கும் விதம்

பின்னப் பெயர்கள் என்றதும் இலக்கிய வகுப்பில் முதலில் வருவது, காஞ்சி ஏகாம்பரநாதர் மீது காளமேகப் புலவர் பாடியதாக வழங்கும் வெண்பா. முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா, கீழரை என எட்டுப் பின்னங்கள் அதில் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது பொருளும் உண்டு: மூன்றாவது காலான ஊன்றுகோல், நரை, எமதூதர், இருமல், இடுகாடு என்று. இவையெல்லாம் வருமுன் ஒற்றை மாமரத்தின் கீழ் இருக்கும் இறைவனை நினை என்பது கருத்து.

வழக்கமான விளக்கம் இங்கே நின்றுவிடுகிறது. 'புலவரின் சொல்லாட்சி வியக்கத்தக்கது' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். சொல் விளையாட்டு சரி, எண் என்ன செய்கிறது? ஒன்றை 160 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் 120 பங்கு, அரை 80, கால் 40, அரைக்கால் 20, இருமா (1/10) 16, மாகாணி 10, ஒருமா (1/20) 8, கீழரை (1/640) வெறும் கால் பங்கு. ஒரு இடத்தில்கூட வரிசை தவறவில்லை, இறங்கிக்கொண்டே போகிறது.

சும்மா பாதி பாதியாக்கியிருந்தால் அரைக்காலுக்கு அடுத்து மாகாணி வந்திருக்கும். ஆனால் நடுவில் இருமா வருகிறது. அது பாதியாக்கும் குடும்பமே அல்ல, இருபதாகப் பிரிக்கும் குடும்பம். 1/8-க்கும் 1/16-க்கும் இடையில் 1/10 எங்கே நிற்கும் என்று தெரிந்தவரால்தான் இருமலைச் சரியான இடத்தில் வைக்க முடியும். வாழ்நாள் சுருங்கிக்கொண்டே வருகிறது என்ற பாடலின் கருத்தை, சுருங்கும் எண்களே சொல்கின்றன. எண்ணை அளவாகப் பார்க்காமல் பெயராக மட்டும் படிக்கும் மாணவனுக்கு இந்தப் பாடலில் பாதி போய்விடுகிறது. 'பின்னப் பெயர்கள் இறங்குவரிசையில் அமைந்து, குறையும் ஆயுளை உணர்த்துகின்றன' என்று ஒரு வரியையும், 160 பங்குக் கணக்கையும் எழுதிக் காட்டுங்கள். வெறும் பாராட்டைவிட அதுதான் திறனாய்வு.

பெருமைப் பட்டியலின் சிக்கல்

இரண்டாவது வகை, புலனத்தில் அடிக்கடி சுற்றி வரும் பட்டியல். முந்திரி 1/320, கீழ்முந்திரி 1/102400 என்று இறங்கி, 'தமிழன் அன்றே அணுவை அளந்தான்' என்று முடியும். முதல் பாதி உண்மை. முந்திரியை முந்திரியால் பெருக்கினால் 1/102400 வரும். ஆனால் அளந்தானா? ஓர் இஞ்சில் அந்தப் பங்கு ஏறக்குறைய 0.00025 மில்லிமீட்டர். எந்தக் கோலாலும் அதை அளக்க முடியாது. நெல்லையும் பொன்னையும் நிலத்தையும் கணக்கிட்டபோது மீதியை விட்டுவிடாமல் எழுத அது பயன்பட்டது. அது கணக்கின் நேர்மைக்குச் சான்று, நுண்ணோக்கிக்குச் சான்று அல்ல.

இந்தப் பெயர்கள் வாழ்ந்த இடம் திண்ணைப் பள்ளி. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்ற மூன்றையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். முழு எண் வாய்பாட்டோடு பின்ன வாய்பாடும் எண்சுவடியில் உண்டு. காலையும் அரைக்காலையும் பெருக்கக் கற்றவன் களத்துமேட்டில் நெல் அளப்பவனை நம்பிக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆய்வாளர் து. செந்தில்பாபு 2022-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இந்தக் கணக்குக் கல்வியையும் அதன் சமூகப் பின்னணியையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பெருமைப் பட்டியலைப் பகிரும் முன் அதைப் படித்தால், நம் பெருமை எங்கே இருக்கிறது என்று புரியும்.

குறையையும் சொல்ல வேண்டும். இந்த முறையில் மூன்றில் ஒரு பங்கைச் சுத்தமாகச் சொல்ல முடியாது. அடிப்படை அலகான முந்திரி 320-இல் ஒன்று. 320 மூன்றால் வகுபடாது. அடிக்கோலுக்கும் அதே குறைதான்: எந்தக் கோடும் 1/3 இஞ்ச் ஆகாது. 7/12, 5/9 போன்ற பின்னங்களுக்குப் பள்ளியில் கற்பிக்கும் தொகுதி, பகுதி முறைதான் வேண்டும். பழைய பெயர்கள் புதிய முறைக்கு மாற்று அல்ல, துணை.

பேராக்கில் இந்த வீசம் எங்கே இருந்தது?

இஞ்ச் என்ற சொல்லே ஒரு பின்னம். பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1959-இல் ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் செய்த உடன்பாட்டின்படி அது சரியாக 25.4 மில்லிமீட்டர். அப்படியென்றால் ஒரு வீசம் இஞ்ச் 1.5875 மில்லிமீட்டர். இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

1877-இல் கோலக்கங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் அதே வெட்டைத் திரும்பத் திரும்பச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890-களில் உருவாக்கினார். அதற்குப் பிறகு வந்தவைதான் தோட்டங்கள், லயங்கள், பெரட்டுக்களங்கள். அந்த முறையின் உயிர் எங்கே இருக்கிறது என்றால் பட்டையின் கனத்தில். ஒவ்வொரு வெட்டிலும் போக வேண்டிய பட்டை சுமார் ஒன்றரை மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு வீசம் இஞ்ச். ஆழமோ, உள்ளே இருக்கும் மென்படலத்துக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டை மிஞ்ச வேண்டும். அதைத் தாண்டினால் மரத்தில் காயம் படும், பட்டை சரியாக வளராது, பிறகு அந்த இடத்தில் வெட்ட முடியாது.

ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால் முப்பது நாளில் பதினைந்து வெட்டு. வெட்டுக்கு ஒரு வீசம் என்றால் மாதத்துக்கு முக்காலே மூவீசம் இஞ்ச். மழை நாளைக் கழித்தால் இன்னும் குறையும். விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கோடு, ஒரு மரத்துக்குச் சில விநாடி மட்டுமே நின்று இந்த அளவைக் கையிலேயே வைத்திருந்தவர்களைத்தான் 'எழுதப் படிக்கத் தெரியாதவங்க, கணக்குத் தெரியாதவங்க' என்று நாம் சொல்லிவந்தோம். சுங்கை சிப்புட், கோப்பேங், பாகான் செராய் பக்கத்து மாணவர்களின் தாத்தா பாட்டிகள் பலர் இவர்கள்தாம். அவர்கள் உளிபிடித்த கைக்கு அளவு தெரியும். அதற்குத் தமிழில் பெயரும் இருந்தது. பெயரையும் அளவையும் சேர்த்து வைக்கும் பாடம் மட்டும் நம்மிடம் இல்லாமல் போனது.

பதினாறு என்ற எண்ணுக்கு இங்கே வேறு வீடுகளும் இருந்தன. இந்தியாவில் 1957 வரை ரூபாய்க்குப் பதினாறு அணா. வீசம் ரூபாய் ஓர் அணா. மலாயாவின் வெள்ளியில் நூறு காசு, ஆகவே பணப்பையில் பதினாறுக்கு இடமில்லை. ஆனால் சந்தையில் ஒரு காத்திக்குப் பதினாறு தஹில், ஒரு ராத்தலுக்குப் பதினாறு அவுன்ஸ். நிறுவையிலும் இஞ்சிலும் வீசம் தங்கியது. 1972-ஆம் ஆண்டு நிறுவை, அளவைச் சட்டத்துக்குப் பிறகு நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறின. வீசம் பழமொழிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

'பாடத்திட்டத்தில் இஞ்ச் இல்லையே, பிறகு ஏன்?'

நியாயமான கேள்வி. தொடக்கப்பள்ளியில் சென்டிமீட்டரும் மில்லிமீட்டரும்தான் பாடம். அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் எஸ்.பி.எம். முடித்துத் தொழிற்பயிற்சிக்குப் போகும் மாணவன் முதல் வாரத்திலேயே 3/8, 7/16, 9/16 என்று பொறித்த ஸ்பானர்களைக் கையில் எடுப்பான். ஈப்போ ஜாலான் லகாட் லிட்டில் இந்தியா பக்கம் தையல் பழகப் போகும் மாணவியின் கழுத்தில் இஞ்ச் நாடா தொங்கும். இரும்புக்கடையில் பைப்பு, ஆணி, பலகை எல்லாம் இன்னும் இஞ்சில்தான் கேட்கிறார்கள். சீனர்கள் இஞ்சை எட்டுப் பங்காக்கி, அரை இஞ்சுக் குழாயை 'நாலு பங்கு' என்று தங்கள் மொழியில் சொல்லிவிடுகிறார்கள். தங்கள் சொல்லைக் கடைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். நம் பிள்ளை அதே இடத்தில் வாய்மூடி நிற்கிறான், அவன் மொழியில் அதைவிட நுட்பமான சொற்கள் இருந்தும்.

ஒரு எச்சரிக்கை: வகுப்பில் அளக்கக் குழாயைக் கொடுத்துவிடாதீர்கள். 'அரை இஞ்ச் பைப்பு' என்பது பெயரளவு மட்டுமே, வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் இருக்கும். மாணவன் சரியாக அளந்துவிட்டுத் தான்தான் தவறு என்று நினைத்துக்கொள்வான்.

மெட்ரிக்குக்கும் தமிழ் உதவும். 1/10 இருமா என்று பார்த்தோம். ஆகவே ஒரு மில்லிமீட்டர் என்பது இருமா சென்டிமீட்டர். அரை மில்லிமீட்டர் ஒருமா சென்டிமீட்டர். மாவும் காணியும் (1/20 + 1/80) சேர்ந்தால் 5/80, அதாவது 1/16, மாகாணி. பத்தின் குடும்பமும் பதினாறின் குடும்பமும் ஒரே சொல்லில் சந்திக்கின்றன.

வகுப்பில் செய்ய

16 சென்டிமீட்டர் நீளமுள்ள காகித நாடா ஒன்றை ஒவ்வொரு மாணவனுக்கும் கொடுங்கள். ஒருமுறை மடித்தால் அரை. இரண்டாம் மடிப்பில் கால், மூன்றாவதில் அரைக்கால், நான்காவதில் வீசம். விரித்து ஒவ்வொரு மடிப்பிலும் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஒரு வீசம் சரியாக ஒரு சென்டிமீட்டர் இருக்கும், அடிக்கோலை வைத்துத் தாங்களே சரிபார்க்கலாம். நாடாவை வாசிக்கப் பழகிய பிறகு உண்மையான இஞ்சுக்குப் போங்கள். பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். மடித்த கைக்கு அது தானாக வரும்.

பயிற்சி

1. இரண்டு இஞ்சைத் தாண்டி, அரைக் கோட்டுக்கு அடுத்த மூன்றாவது சின்னக் கோட்டில் ஓர் ஆணி முடிகிறது. அளவை எண்ணிலும் தமிழிலும் எழுதுக.
2. அடிக்கோலின் முனை உடைந்துள்ளது. பொருள் 1 இஞ்சில் தொடங்கி 3 3/8 இஞ்சில் முடிகிறது. அதன் நீளம் என்ன?
3. முக்காலே அரைக்கால், முக்காலே மூவீசம்: எது பெரியது, எவ்வளவு?
4. 'காலே அரைக்கால்' என்பதிலுள்ள ஏகாரத்தின் பொருளைக் கூறி, அளவைப் பின்னமாக எழுதுக.

விடைகள்: 1) 2 11/16, இரண்டரையே மூவீசம். 2) 2 3/8, இரண்டே காலே அரைக்கால் இஞ்ச். 3) முக்காலே மூவீசம், ஒரு வீசம் பெரியது. 4) எண்ணேகாரம், 1/4 + 1/8 = 3/8.

நான்காம் கேள்வி தமிழா, கணிதமா என்று உங்கள் பள்ளியில் கேட்பார்கள். இரண்டு பாட ஆசிரியர்களும் உட்கார்ந்து பேச அது ஒரு நல்ல காரணம்.